ஆர்எச்சிஎஸ்ஏ, இரண்டாவது முறை: என்னைக் கவிழ்த்த எஃப்எஸ்டேப் வரி

ரெட் ஹேட் லினக்ஸ் நிர்வாகத் தேர்வான ஆர்எச்சிஎஸ்ஏவின் முடிவு நேற்று மெயிலில் வந்தது. 300-க்கு 254, பாஸ். முதல் முறை பாஸ் மார்க்கான 210-க்குப் பக்கத்தில்கூட வரவில்லை. படிக்காமல் போகவில்லை, கவிழ்த்தது எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) எடுக்காமல் விட்ட ஒரே ஒரு வரி. கடைசி நிமிடங்களில் ரீபூட் கொடுத்தேன். திரையில் சிவப்பு நட்சத்திரங்கள் இடமும் வலமும் ஓட, பக்கத்தில் ஒன்றரை நிமிடக் கணக்கு ஓடியது. இல்லாத டிஸ்க்குக்காக மெஷின் காத்துக்கொண்டிருந்தது. அப்புறம் எமர்ஜென்சி மோட். சரிசெய்ய நேரமில்லை.

கேள்விகளை வெளியே சொல்ல மாட்டோம் என்று ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறோம். அதனால் வீட்டில் பழகியதை மட்டும் சொல்கிறேன்.

விர்ச்சுவல் மெஷினில் மூன்று டிஸ்க், ஒரே வால்யூம் குரூப் (எல்விஎம் என்ற கருவி பல டிஸ்க்குகளைச் சேர்த்து உருவாக்கும் தொகுப்பு), அதில் ஒரு எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம், ஒரு ஸ்வாப் (மெமரிக்குத் துணையாகும் டிஸ்க் இடம்). தினமும் இரவு அதை ஏற்றி இறக்கினேன். இறக்கும் வரிசை:

- முதலில் எஃப்எஸ்டேப். இவற்றின் வரிகளுக்கு முன்னால் # போட்டு, டீமன்-ரீலோட் (மாற்றத்தைச் சிஸ்டத்துக்குத் தெரிவிக்கும் கட்டளை). பலரும் இதைக் கடைசியில் வைக்கிறார்கள். நான் கடைசியில் வைத்துத்தான் மறந்தேன்.
- அந்த ஃபைல் சிஸ்டத்தைப் பயன்படுத்தும் சர்வீஸ்களை நிறுத்துங்கள்.
- ஸ்வாப்ஆஃப், ஸ்வாப்பை நிறுத்த.
- யுமவுண்ட், ஃபைல் சிஸ்டத்தைக் கழற்ற.
- விஜிசேஞ்ச் -ஏஎன், வால்யூம் குரூப்பைச் செயலிழக்கச் செய்ய.
- வேறு மெஷினுக்குப் போகிற டிஸ்க் என்றால் விஜிஎக்ஸ்போர்ட்.

நேரத்தைத் தின்பது யுமவுண்ட்தான். ‘டார்கெட் இஸ் பிசி’ என்று வந்தால் முதலில் நீங்கள் நிற்கும் டைரக்டரியைப் பாருங்கள். பாதி நேரம் நம் ஷெல்லே உள்ளே உட்கார்ந்திருக்கும். அப்புறம் ஃபியூசர் -விஎம், எந்த புராசஸ் அதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும். அதில் ஒரு புராசஸும் தெரியவில்லை, ஆனாலும் பிசி என்கிறதா? அந்த டைரக்டரியை என்எஃப்எஸ்ஸில் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைப் பகிரும் முறை) பகிர்ந்திருக்கலாம். அந்த வேலையைக் கர்னலே செய்வதால் ஃபியூசர் கண்ணில் படாது; எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யு கொடுத்துப் பகிர்வை எடுக்க வேண்டும். அதற்குள்ளேயே வேறொன்று மவுண்ட் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அவசரத்தில் யுமவுண்ட் -எல் மட்டும் வேண்டாம். பட்டியலில் இருந்து பெயர் மறைந்துவிடும், ஃபைல் சிஸ்டம் உயிரோடுதான் இருக்கும். விஜிசேஞ்ச் மறுக்கும்போது யார் பிடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினம். அந்த நிலையில் டிஸ்க்கைப் பிடுங்கினால் எழுதி முடிக்காத டேட்டா போயே போச்சு.

இறங்கிவிட்டதா என்று எல்விஸ்கேனில் பாருங்கள், ‘இன்ஆக்டிவ்’ என்று இருக்க வேண்டும். டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கேயில் டிஸ்க்குக்குக் கீழே எதுவும் தொங்கக் கூடாது.

ஆர்எச்இஎல் 9-இல் (ரெட் ஹேட் லினக்ஸின் 9-ஆம் பதிப்பு) பழகுபவர்களுக்கு ஒன்று: டிஸ்க்கை இன்னொரு மெஷினில் மாட்டினால் எல்எஸ்பிஎல்கேயில் தெரியும், எல்விஎம்மின் டிஸ்க் பட்டியலான பிவிஎஸ்ஸில் தெரியாமல் போகலாம். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அந்தப் பதிப்பில் எல்விஎம் தன் டிவைசஸ் ஃபைலில் உள்ளதை மட்டும்தான் பார்க்கும். எல்விஎம்டிவைசஸ் கட்டளையால் சேர்த்த பிறகு விஜிஇம்போர்ட், விஜிசேஞ்ச் -ஏஒய், மவுண்ட்.

வேகமாக டைப் செய்பவர்களுக்கு என் முறை பொருந்தாமல் போகலாம். நான் மெதுவாகச் செய்பவன். இந்த முறை தேர்வு முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே, புதிதாக எதையும் தொடாமல் ரீபூட் கொடுத்தேன். லாகின் வரி வந்தது. எஃப்எஸ்டேப்பைத் திறந்து ஒவ்வொரு வரியாக இன்னொரு தடவை படித்துவிட்டுத்தான் எழுந்தேன்.