சட்டப் பரீட்சையில் விட்டுப்போகும் புள்ளிகள்

இலங்கையின் ஹட்டனில் வக்கீல் தொழில் செய்துகொண்டே, ஞாயிற்றுக்கிழமைகளில் சட்டம் படிக்கும் பிள்ளைகளின் விடைத்தாள்களையும் பார்த்துக் கொடுக்கிறேன். திறந்த பல்கலைக்கழகத்தில் படிப்பவர்கள், புதுக்கடை சட்டக் கல்லூரிக்குப் போய்வருபவர்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள். புள்ளி குறைந்தால் எல்லாரும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: "இன்னும் பாடமாக்கியிருக்கணும் சேர்." எனக்கு அதில் உடன்பாடே இல்லை. பாடமாக்கியது போதும், சொல்லப்போனால் அதிகம்.

தொழில் சட்டத்தில் நான் அடிக்கடி கொடுக்கும் கேள்வி இது. 14 வருடம் வேலை செய்த ஒரு தோட்டத் தொழிலாளி, தாயின் காரியத்துக்குப் போய் 10 நாள் கழித்து வருகிறார். செக்ரோலில், அதாவது வேலைக்கு வருபவர்களின் பதிவேட்டில், பெயர் இல்லை. தோட்டத்தை நடத்தும் துரை வேலை இல்லை என்கிறார். தொழில் நியாயசபையில் நிர்வாகமோ, நாங்கள் நீக்கவில்லை, அவராகத்தான் விட்டுப்போனார் என்கிறது. போகும்போது வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் சொல்லியிருக்கிறார், மனைவி பிள்ளைகள் தோட்டம் கொடுத்த அதே லய வீட்டில்தான் இருந்தார்கள்.

விடையில் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் வரலாறு ஒரு பக்கம் வரும், தொழில் நியாயசபைக்கு மனுப் போடுவது பற்றிய 31பி பிரிவு அப்படியே வரும். எல்லாம் சரி, ஆனால் அந்தத் தொழிலாளியைப் பற்றி ஒரு வரி இருக்காது. நிர்வாகம் நீக்கத்தை மறுப்பதால் நீக்கப்பட்டதை நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் மேல் விழுகிறது, ஒப்புக்கொண்டிருந்தால் அது நியாயமென்று காட்டும் சுமை நிர்வாகத்துடையது. வேலையைக் கைவிட்டார் என்று சொல்வதற்கு வராமல் இருந்தது மட்டும் போதாது, திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பதும் தெரியவேண்டும். லயம் இங்கேதான் முக்கியமாகிறது. குடும்பத்தை லயத்திலேயே விட்டுப் போனவர் வேலையைக் கைவிடவா போனார்? வேலைக்கும் லய வீட்டுக்கும் உள்ள தொடர்பு வேறு யாரையும்விட இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். புத்தகத்தில் இல்லாததால் அதை எழுதக்கூடாது என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு ரொம்ப வலிப்பது அதுதான்.

அதனால் நான் திருத்துவதற்கு முன்னால், கேள்வித்தாளை எடுத்து, விடையில் பயன்படுத்திய ஒவ்வொரு விவரத்தையும் பென்சிலால் வெட்டிக்கொண்டு வரச் சொல்வேன். 10 நாள், வெட்டு. செக்ரோல், வெட்டு. வெட்டாமல் மிஞ்சுகிற இடத்தில்தான் புள்ளி போயிருக்கிறது, கேள்வி தயாரிப்பவர் சும்மா ஒரு விவரத்தைப் போடுவது அபூர்வம். அப்புறம் அந்தப் பந்தியை மட்டும் திரும்ப எழுதினால் போதும். மூன்று மணி நேரத்தில் ஐந்து கேள்வி என்றால் ஒன்றுக்கு 36 நிமிடம்தான், அதில் சட்டத்தின் வரலாற்றுக்கு இடமே இல்லை.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். தொழிலாளி என்றதும் இவர்கள் மனசு அந்தப் பக்கமே சாய்ந்துவிடும், அது நல்ல மனசு, ஆனால் கங்காணியிடம் வாயால் சொன்னது லீவு கேட்டதாகுமா என்று யாரும் கேட்பதில்லை. எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்பதை எழுதி, அதற்குப் பதில் சொன்னால்தான் விடை நிற்கும். வருகிற ஞாயிறு அதே கேள்விக்கு, நிர்வாகத்தின் சட்டத்தரணியாக நின்று விடை எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.