லைப்ரரில ஸ்லைடு போடுறவங்களுக்கு

பப்ளிக் லைப்ரரில ஆன்லைன் பிரசென்டேஷன்னு பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் ப்ரெசிங்கிற ஸ்லைடு டூலைத்தான் சொல்வாங்க, அந்த ஜூம் ஆகி சுத்திச் சுத்தி வர்றது. எனக்கு அதுல அவ்வளவா இஷ்டம் இல்ல. கேட்டலாக்ல புக் தேடுறது எப்படின்னு காட்ட வந்த இடத்துல ஸ்க்ரீன் அங்கயும் இங்கயும் பறந்தா பாக்குறவங்களுக்கு தலைதான் சுத்தும், சர்ச் பாக்ஸ் எங்க இருந்துச்சுன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது.

வாசல்ல மாட்டியிருக்கிற டிவிக்குதான் ஆன்லைன் ஸ்லைடு டூல்ஸ் நிஜமாவே உதவுது. கூகுள் ஸ்லைட்ஸ்ல பப்ளிஷ் டு வெப்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஸ்லைடு எத்தனை செகண்ட் நிக்கணும், முடிஞ்சதும் முதல்லேர்ந்து ஓடணுமான்னு கேக்கும், செட் பண்ணி அந்த லிங்க்கை டிவில திறந்து விட்டுட்டா புதுசா வந்த புக்கு, கதை நேரம், லீவு நாள்னு எது மாறினாலும் கவுன்டர்ல உக்காந்தே திருத்திக்கலாம், பென்டிரைவ் தூக்கிட்டு ஓட வேணாம். செகண்டை மட்டும் தாராளமா வைங்க, 15 வெச்சாதான் நடந்து போறவங்க படிப்பாங்க. அப்புறம் அந்த லிங்க் யார் கையில கிடைச்சாலும் திறக்கும், அதனால புக் திருப்பித் தராதவங்க லிஸ்ட், நிகழ்ச்சிக்கு வந்த குழந்தைங்க போட்டோ எல்லாம் அதுல வேண்டவே வேண்டாம்.

வாசகர்கள் தாங்களே ஸ்லைடு செய்ய வர்றது தனிக் கதை. நிறைய லைப்ரரில பொது கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் பண்ணினா டெஸ்க்டாப்ல சேவ் பண்ணினது மொத்தமும் அழிஞ்சிடற மாதிரி வெச்சிருப்பாங்க, அங்க ஆன்லைன் டூல்தான் காப்பாத்தும். ஆனா லாகின் பண்ணும்போது போனுக்கு கோட் வரும், போன் வீட்ல இருக்கும், பாதி நேரம் அதுலயே போயிடும். ப்ரைவேட் விண்டோல (மூடினதும் லாகின் அழிஞ்சிடற ப்ரவுசர் விண்டோ) திறந்து, எழுந்திரிக்கும்போது அதை மூடிட்டுப் போங்கன்னு சொல்லிட்டே இருக்கணும் (சொன்னாலும் விட்டுட்டுத்தான் போவாங்க).

எதை செஞ்சாலும் ஒரு பிடிஎஃப் காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. ப்ரெசியோட பழைய வெர்ஷன் ஃப்ளாஷ்ங்கிற ப்ரவுசர் சாஃப்ட்வேர் மேல ஓடுச்சு, 2020 டிசம்பர் 31ஓட அடோபி ஃப்ளாஷ் சப்போர்ட்டை நிறுத்திட்டாங்க. ஸ்லைடை ஏத்தி எல்லாருக்கும் காட்டுற ஸ்லைடுஷேர் சைட் 2006ல ஆரம்பிச்சு, 2012ல லிங்க்ட்இன் கைக்குப் போய், 2020ல ஸ்க்ரிப்ட் (Scribd)ங்கிற கம்பெனி கைக்கு மாறிடுச்சு. நம்ம ஸ்லைடு அடுத்தவன் வீட்லதான் இருக்கு, அவன் எப்ப வேணா பூட்டு மாத்துவான். பிடிஎஃப்ல வீடியோ ஓடாது, அனிமேஷனும் போயிடும், சரி. தமிழ் எழுத்து உடையாம அப்படியே நிக்கும்ல, பவர்பாயின்ட்டா டவுன்லோடு பண்ணி அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்து பாத்தவங்களுக்கு அந்த அருமை தெரியும்.

அக்கவுண்டை யாரோட சொந்த ஈமெயில்லயும் ஆரம்பிக்காதீங்க, லைப்ரரி பேர்ல ஒரு ஐடி போடுங்க. சொந்த ஈமெயில்ல ஆரம்பிச்சவங்க ட்ரான்ஸ்ஃபர் ஆகிப் போயிட்டா டிவில பழைய லீவு நாளே ஓடிட்டு இருக்கும், திருத்த ஆள் இருக்காது.