ஆய்வேட்டை இரண்டாம் முறை தட்டச்சு செய்த கதை

எம்.ஏ. தமிழ் கடைசி செமஸ்டர் ஆய்வேட்டை ஒருவழியாகக் கொடுத்தாயிற்று, வாய்மொழித் தேர்வும் முடிந்தது. அடுத்த வருடம் கொடுக்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பாதி எரிச்சலைக் கொட்டுவதற்காகவும்தான். தலைப்புப் பதிவு, நெறியாளர் ஒதுக்கீடு எல்லாம் வழக்கம்போல நடந்தன. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்கள் என்பது என் தலைப்பு.

முதல் இயலைச் சங்ககாலத்தில் உப்பு விற்ற உமணர்களில் தொடங்கினேன். அங்கிருந்து நெய்தல் நிலம், அங்கிருந்து 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம். அப்புறம்தான் தூத்துக்குடிக்கே வந்து சேர்ந்தேன். நெறியாளர் அம்மா திருப்பிக் கொடுத்தபோது சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: "இதில் நீ பார்த்தது எது?" எனக்குச் சுருக்கென்றது. நூலகத்தில் உட்கார்ந்து அத்தனை தேடி எழுதியதற்கு இதுதானா மரியாதை என்று விடுதியில் புலம்பித் தீர்த்தேன்.

களப்பணிக்குப் போகிறவர்களுக்கு முதல் எச்சரிக்கை: உப்பளத்துக்குப் பதினோரு மணிக்குப் போகாதீர்கள். வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே வேலையை ஆரம்பிக்கிறார்கள். நான் பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது பாத்திகளில் ஆளே இல்லை. கண் கூசும் வெள்ளைதான் இருந்தது. காவலுக்கு இருந்த அண்ணாச்சி, "நாளைக்கு வெள்ளன வா தாயி" என்று சொல்லி அனுப்பினார். பஸ் காசும் ஒரு நாளும் போயின.

மறுநாள் போனதுதான் ஆய்வேட்டைக் காப்பாற்றியது. உப்பை இழுத்துச் சேர்க்கும் வாருபலகையோடு நின்ற ஓர் அக்கா, தண்ணீர் எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று கண்ணாடி மீட்டர் போடும் முன்பே சொன்னார். டிகிரி என்றால் சூடு இல்லை, உப்புநீரின் அடர்த்தி. 24, 25 டிகிரி வந்தால்தான் உப்பு இறங்கும், 30-ஐ நெருங்கினால் கசப்பு சேர்ந்துவிடும், அந்தத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். எப்படி அக்கா கண்டுபிடிக்கிறீங்க என்றேன். "கையில தொட்டா வழுவழுன்னு வரும்லா, அதுதான்" என்றார். போனில் பதிவு செய்துகொண்டேன். பதிவு செய்யும் முன் கேட்டுக்கொள்ளுங்கள், ஊரையும் வயதையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் கேட்பார்கள், வீட்டுக்கு வந்த பிறகு யார் எந்தக் குரல் என்று தெரியாது.

இவ்வளவும் கேட்டுவிட்டு வந்து நான் எழுதிய வாக்கியம் இது: "உப்பளங்களில் பணிபுரியும் மகளிர் பல்வேறு இன்னல்களுக்கு ஆளாகி வருவது கண்கூடாகக் காணக்கூடிய ஒன்றாகும்." பள்ளிக்கூடத்திலிருந்து இப்படி எழுதித்தான் மதிப்பெண் வாங்கியிருக்கிறேன், கை தானாக அங்கேதான் போகிறது. அம்மா திருத்தவில்லை, அடிக்கோடு மட்டும் போட்டார். நானும் அதை அப்படியே விட்டுவிட்டு தட்டச்சுக்குக் கொடுத்தேன்.

அங்கேதான் வினை ஆரம்பித்தது. கல்லூரிக்குப் பக்கத்துத் தட்டச்சு மையம் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தது. திரையிலும் அச்சிலும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிடிஎஃப்பை ஒப்புமைச் சோதனைக்குக் கொடுத்தேன், அதாவது ஏற்கெனவே வெளியானவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருளில் பார்ப்பது. முடிவு பூஜ்யம் சதவீதம்! தோழிகளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் நூலகத்தில் கூப்பிட்டுச் சொன்னார்கள், மென்பொருள் ஓர் எழுத்தைக்கூடத் தமிழாகப் படிக்கவில்லை, யூனிகோடில் கொண்டுவந்தால்தான் சான்றிதழ் தருவோம் என்று. பழைய எழுத்துருக்களில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், மேலே தமிழ் உருவம் போர்த்தியிருக்கிறது, அவ்வளவே. இதை ஆரம்பத்திலேயே ஒரு வரி அறிவிப்பாக ஒட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றும் மென்பொருளில் போட்டுப் பார்த்தேன். ஒகரக் கொம்பெல்லாம் எழுத்தைப் பிரிந்து தனியாக நின்றது. மேற்கோள் குறிகள் வேறு எழுத்துகளாகின. ஒலிக்குறிப்புக்காக ரோமன் எழுத்தில் கொடுத்திருந்த சொற்பட்டியல் முழுவதும் பொருளே இல்லாத தமிழாக மாறிவிட்டது. மையத்தில் கேட்டால், இது புராஜெக்ட் சீசன், புதிதாக அடிக்க முழுக் காசு, அதுவும் இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். கெடு அதற்குள் முடிந்துவிடும்.

சரி, நானே அடிக்கிறேன் என்று தமிழ்99 விசைப்பலகை பழகினேன். உயிர் ஒரு பக்கம், மெய் ஒரு பக்கம், சில நாளில் கை பிடிபட்டுவிடும். ஆனால் வேகம் வரும்வரை ஒவ்வொரு வாக்கியமும் வலிக்கும். அந்த வலிதான் வேலை செய்தது. "காணக்கூடிய ஒன்றாகும்" என்று அடிக்க வேண்டிய இடம் வந்தபோது, இதை எதற்கு அடிக்கிறோம் என்று விரல் நின்றது. நோட்டைத் திறந்து உப்பளத்தில் அன்று காலையில் எழுதிய குறிப்பைப் பார்த்தேன். அடித்தது இது: "உப்பு வாரும் பெண்கள் பழைய சாக்ஸுக்கு மேல் பாலிதீன் பையைக் கட்டிக்கொள்கிறார்கள். அப்படியும் குதிகால் வெடிப்பில் உப்புநீர் இறங்கிவிடுகிறது." இன்னல் என்ற சொல் அதற்குப் பிறகு தேவைப்படவே இல்லை. உமணர்கள் ஒரு பத்தியாகச் சுருங்கினார்கள். வேதாரண்யம் அடிக்குறிப்புக்குப் போனது. 'எனலாம்', 'விளங்குகிறது' எல்லாம் கொத்துக் கொத்தாக உதிர்ந்தன. மூன்று வருட பி.ஏ.வும் அதற்கு மேல் எம்.ஏ.வும் சொல்லித் தராததை விசைப்பலகைச் சோம்பல் சொல்லித் தந்தது.

ஒப்புமை விஷயம் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை, 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். முதுகலை ஆய்வேட்டுக்கும் அது பொருந்தும். மூலத்தைக் குறிப்பிட்டுக் காட்டிய மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. ஆர்வத்தில் என் பழைய முதல் இயலை மட்டும் யூனிகோடில் ஒட்டுப்போட்டுச் சோதித்துப் பார்த்தேன். பத்தையெல்லாம் எப்போதோ தாண்டியிருந்தது. நான் யாரையும் பார்த்து எழுதவில்லை. ஆனாலும் அதே வாக்கியங்களை எனக்கு முன்பே பல பேர் எழுதி வைத்திருந்தார்கள். அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் உறைத்தது. புதிதாக அடித்த வடிவம் பத்துக்குக் கீழே சுலபமாக நின்றது.

நிம்மதியாக அலுவலகத்துக்குப் போனால், பிரிவு எழுத்தர் எச்சில் தொட்டுப் பக்கம் எண்ணினார். "குறைஞ்சது 75 பக்கம் வேணும்மா, இது பத்தலையே." சுருக்கி எழுதியதற்குத் தண்டனை! படித்துப் பார்க்கச் சொல்லி அவரிடம் வாதாடிப் பயனில்லை, அவர் வேலை எண்ணுவது. அம்மாதான் வழி சொன்னார். இயல்களில் ஒரு வரிகூடச் சேர்க்காதே, சொற்பட்டியலைப் பின்னிணைப்பில் சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு விரித்துப் போடு, படங்களைச் சேர் என்றார். பதிவில் இருந்த பேச்சை அப்படியே எடுத்துக்காட்டாக இறக்கினேன். பக்கக் கணக்கும் சரியானது, ஆய்வேட்டிலேயே உருப்படியான பகுதியும் அதுதான் ஆனது.

அதோடு விட்டார்களா? பைண்டிங் முடித்துத் தங்க எழுத்தெல்லாம் பதித்துக் கொண்டுபோன பிறகு, நெறியாளர் சான்றிதழின் வாசகம் இந்த வருடம் மாறிவிட்டது என்றார் அதே எழுத்தர். கடைக்காரர் நாலு படியையும் பிரித்துத் தாளை மாற்றி ஒட்டிக் கொடுத்தார், காசு தனி. ஆகவே உறுதிமொழி, சான்றிதழ் உள்ளிட்ட முன்பக்கங்களைத் தனியாக அச்செடுத்து அலுவலகத்தில் காட்டி, சரி என்று வாயால் சொல்ல வைத்த பிறகே பைண்டிங்குக்குப் போங்கள்.

வாய்மொழித் தேர்வு அரை மணி நேரம்கூட இல்லை. புறத்தேர்வாளர் முன்னுரையைத் தொடவே இல்லை, நேராகப் பின்னிணைப்பைத் திருப்பி, "வழுவழுன்னு வரும்லா" என்பதைச் சத்தமாக வாசித்தார். இது மீட்டரில் எத்தனை டிகிரி என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பட்டியலை மட்டும் தனிக் கட்டுரையாக எழுதச் சொல்லியிருக்கிறார். மழைக்காலத்தில் உப்பளம் நின்றுவிடும் என்பதால் அதற்குள் இன்னொரு முறை போய்வர வேண்டும், இந்தத் தடவை முதல் பஸ்ஸில்.