நடக்காமலும் போகலாம்

ஆய்வகத்தில் ரிசல்ட் சேவ் ஆனதும் டாக்டருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். அந்த ஒரு லிஸனரை (சேவ் ஆனது என்ற ஈவென்ட் வந்ததும் ஓடும் நிரல்பகுதி) ஏசிங்க் ஆக்குவது, அதாவது சேவ் செய்பவரைக் காக்க வைக்காமல் பின்னணியில் ஓடவிடுவது பற்றி, என்னோடு வேலை பார்க்கும் தம்பியின் நிரலை நான் பார்த்த ரிவ்யூவில் நடந்த பேச்சு இன்னும் என்னை விடவில்லை.

நாங்கள் பயன்படுத்தும் ஜாவா ஃப்ரேம்வொர்க்கான ஸ்பிரிங்கில் ஈவென்ட் என்று பெயர் இருப்பதாலேயே அது தானாகப் பின்னணியில் ஓடும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சாதாரண ஈவென்ட்லிஸனர், ஈவென்ட்டைப் பப்ளிஷ் செய்த அதே த்ரெட்டில் (நிரலின் அதே ஓட்டத்தில்), அதே டிரான்சாக்‌ஷனுக்குள்தான் ஓடும். டேட்டாபேஸில் எழுதுவதெல்லாம் சேர்ந்து பதிவாகும், இல்லையென்றால் எதுவுமே பதிவாகாது, அதுதான் டிரான்சாக்‌ஷன். எங்களிடம் தணிக்கைப் பதிவு, பில், எஸ்எம்எஸ் மூன்றுமே அப்படித்தான் இருந்தன. எஸ்எம்எஸ் அனுப்பும் கேட்வே திணறினால் டெக்னீஷியனின் திரை நின்றுவிடும். டைம்அவுட் ஆனால் அந்த எக்ஸெப்ஷன் பப்ளிஷ் செய்த இடம்வரை ஏறிப்போய் எல்லாவற்றையும் ரோல்பேக் செய்துவிடும், அதாவது எழுதியதையெல்லாம் திரும்ப எடுத்துவிடும். மெசேஜ் போகவில்லை என்பதற்காக நோயாளியின் பொட்டாசியம் அளவே பதிவாகாமல் போகும். இது தப்பு என்பதில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

தம்பி எழுதி வந்ததும் அரைகுறை வேலை இல்லை. வெறும் ஏசிங்க் போட்டால் புது த்ரெட், கமிட்டுக்கு (டேட்டாபேஸில் பதிவு உறுதியாவதற்கு) முன்பே ஓடி, டேட்டாபேஸில் அந்த வரியே இல்லை என்று சொல்லும். அதுவும் சில நேரம் மட்டும். அதை அவனே கண்டுபிடித்து, ஸ்பிரிங் 4.2 முதல் இருக்கும் டிரான்சாக்‌ஷனல்ஈவென்ட்லிஸனரைச் சேர்த்து, கமிட்டுக்குப் பிறகே ஓடும்படி செய்திருந்தான்.

நான் அப்ரூவ் செய்யவில்லை. கமிட் ஆனதற்கும் மெசேஜ் போவதற்கும் நடுவில் சர்வர் நின்றால், மெமரியில் வரிசையில் இருப்பதெல்லாம் போய்விடும். லாக்கில் ஒரு வரிகூட வராது. எக்ஸெப்ஷன் என்று ஒன்று நடந்தால்தானே லாக்கில் வரும்? ஸ்பிரிங் பூட்டின் வழக்கமான அமைப்பில் எட்டு த்ரெட், எல்லையில்லாத கியூ, நிறுத்தும்போது வரிசையில் இருப்பவை முடியும்வரை காத்திருக்கவும் செய்யாது. ரிசல்ட்டோடு சேர்த்து, அதே டிரான்சாக்‌ஷனில், அனுப்ப வேண்டிய மெசேஜையும் ஓர் அவுட்பாக்ஸ் டேபிளில் எழுதிவிடு, தனி வேலை ஒன்று அதைப் படித்து அனுப்பட்டும் என்றேன்.

“அக்கா, இப்ப ஸ்கிரீன் நிக்கிறது நிஜம். நீங்க சொல்றது நடக்கலாம், நடக்காமலும் போகலாம்,” என்றான்.

நிறுத்தும்போது காத்திருக்கச் சொல்லும் செட்டிங் ஓரிரு வரிதான், இப்போதைக்கு அதைப் போட்டுவிட்டு அவுட்பாக்ஸை அடுத்த ரிலீஸில் பார்க்கலாமே என்றும் கேட்டான். ஒழுங்காக நிறுத்தினால் மட்டுமே அது உதவும், புராசஸ் செத்துப்போனால் உதவாது என்றேன். நான் சொன்னது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஆனால் அவுட்பாக்ஸ் முடியும்வரை அந்தத் திரை நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு அனுப்பலுக்கு இரண்டாவது முயற்சி என்று வந்துவிட்டால் அதே மெசேஜ் இரண்டு முறை போகலாம். டாக்டர் அதை இரண்டு தனி ரிசல்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்கு ஒவ்வொன்றுக்கும் அடையாள எண், அப்புறம் திரும்பத் திரும்பத் தோற்பவற்றை ஒதுக்கி வைக்க ஓர் இடம் என்று வேலை நீண்டது. அந்த இடைவெளியில், காலை நெரிசலில் ரோல்பேக் ஆன ரிசல்ட்டுகளை டெக்னீஷியன்கள் மெஷின் கொடுத்த பிரிண்ட்டைப் பார்த்து மறுபடி டைப் செய்தார்கள். அவர்கள் எங்களிடம் புகார்கூடச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

எதுவும் தொலையாததால் நான் தடுத்தது சரி என்று காட்ட என்னிடம் எதுவும் இல்லை. தொலைந்திருந்தால் காட்டியிருக்கலாம். அதற்கு ஆசைப்படவும் முடியாது. ஆபத்தான ரிசல்ட் என்றால் ஆய்வகத்தில் எப்படியும் டாக்டருக்குப் போன் செய்துவிடுவார்கள், எஸ்எம்எஸ் கூடுதல் ஏற்பாடுதானே என்று ஒரு நாள் தோன்றும். அந்தப் போனும் மறந்துபோகிற நாள் ஒன்று இருக்கும், அன்றைக்குத்தான் இது வேண்டும் என்று மறுநாள் தோன்றும்.

சிங்க்காக, அதாவது அதே த்ரெட்டில் இருந்தபோது தோல்வி யாரோ ஒருவரின் முகத்துக்கு நேரே வந்தது. அவருக்கு எரிச்சல், ஆனால் தெரிந்தது. ஏசிங்க் ஆக்கியதும் தோல்வியைப் பார்க்கத் தனியாக ஓர் ஆள் தேவைப்படுகிறார். அவுட்பாக்ஸ் டேபிளில் ஒதுக்கி வைத்த வரிகளை இப்போது யார் தினமும் பார்ப்பது என்பதை நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

சமீபத்தில் ரிசப்ஷன் திரையில் “ரிப்போர்ட் தயார்” என்று காட்டும் ஈவென்ட்டுக்கும் தம்பி கேட்காமலே அவுட்பாக்ஸ் எழுதி வந்தான். இதற்கு சாதாரண ஏசிங்க் போதும், விட்டுப்போனால் திரையை ரிஃப்ரெஷ் செய்துகொள்வார்கள் என்று ரிவ்யூவில் எழுதினேன். “அப்போ அன்னைக்கும் கொஞ்ச நாளைக்கு அது போதும்னு விட்டிருக்கலாமேக்கா?” என்று கீழே கேட்டிருக்கிறான். இரண்டும் ஒன்றல்ல என்று எழுதத் தொடங்கினேன். ஆய்வகத்தில் திரும்ப டைப் செய்தவர்களை அந்தப் பதிலில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அது இன்னும் டிராஃப்டிலேயே இருக்கிறது.