7 டாலர் க்ராங்க்பெய்ட், நேராக ஓடினால் போதும்

மேஃப்ளை பூச்சிக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஈரி ஏரி ஒருவழியாகக் கருணை காட்டியது. ஒஹையோ கரையில் லொரெய்ன் துறையிலிருந்து வடக்கே போய், 35 அடி தண்ணீரில் பெய்ட்டைப் படகின் பின்னால் இழுத்தபடி ட்ரோலிங் ஓட்டியதில் ஆறு வால்ஐ மீன். ஒரு நாளைக்கு அனுமதித்த என் வரம்பு நிறைந்தது. குறைந்தபட்ச அளவான 15 அங்குலம் இருக்குமா இருக்காதா என்று பலகையில் வைத்து வாலைக் கூட்டிப் பிடிக்க வேண்டிய குஞ்சு ஒன்றுகூட இல்லை. ஆறும் விழுந்தது கடையில் ஏழெட்டு டாலருக்குத் தொங்கும் சாதாரண க்ராங்க்பெய்ட்டில்தான், அதாவது இழுத்தால் துடித்துக்கொண்டே கீழே இறங்கும் செயற்கை மீனில். நண்பர் ஒருவர் ஆசையாகக் கொடுத்த கஸ்டம் பெயின்ட் அடித்த பெய்ட், அதன் விலையில் என்னுடையது இரண்டு வாங்கலாம், காலை முழுக்க ஒரே ஒரு ஷீப்ஹெட் என்ற வேண்டாத மீனை இழுத்து வந்தது. அதுவும் பிளேனர் போர்டை, அதாவது நரம்பைப் படகிலிருந்து பக்கவாட்டில் விலக்கி இழுக்கும் மிதவைப் பலகையை, பின்னால் சாய்த்துப் பெரிய வால்ஐ மாதிரி நாடகம் ஆடிவிட்டு.

ஆகவே கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ளத்தான் இந்தப் பதிவு. புதிதாக ஆரம்பிப்பவர்கள் “எந்த பெய்ட் வாங்கலாம்” என்று கேட்கும்போதெல்லாம் முப்பது பெயர் கொண்ட பட்டியலைக் கையில் திணிக்கிறார்கள். என் பெட்டியில் இருப்பது மூன்றே மாடல். பேண்டிட் வால்ஐ டீப், பெர்க்லி ஃப்ளிக்கர் ஷேட் 7, குளிர் தண்ணீருக்கு ரபாலா ஹஸ்கி ஜெர்க். ஒவ்வொன்றிலும் நாலைந்து நிறம். அவ்வளவுதான்.

மாடலைக் குறைப்பதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் இல்லை. ஆழம். ஒரு மாடல் எத்தனை அடி நரம்பு (தூண்டில் இழை) விட்டால் எவ்வளவு இறங்கும் என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால், அதே மாடலின் எல்லா நிறத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தும். விட்ட நீளத்தைக் காட்டும் லைன் கவுண்டர் ரீலில் எண்ணைப் பார்த்து விடுகிறோம், மீன் விழுகிறது, அடுத்த ராடிலும் அதே எண். பன்னிரண்டு மாடல் வைத்திருப்பவர் பன்னிரண்டு கணக்கை மண்டையில் சுமக்க வேண்டும். உறையில் போட்டிருக்கும் ஆழத்தை அப்படியே நம்பவும் முடியாது. நரம்பு தடித்தால் தண்ணீர் அதை மேலே தூக்கும், பெய்ட் இறங்காது. பின்னல் நரம்பான பிரெய்ட் மெலிசு, அதில் அதே பெய்ட் இன்னும் ஆழம் போகும். நான் எல்லா ரீலிலும் 10 பவுண்டு மோனோ (ஒற்றை இழை நரம்பு) ஒன்றையே சுற்றி வைத்திருக்கிறேன். ஆழக் கணக்கு அட்டவணைகள் பெரும்பாலும் அந்த நரம்பை வைத்துப் போட்டவை என்பது ஒரு சௌகரியம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மலிவு பெய்ட்டில் பணத்தை வீணாக்குவது விலை இல்லை, கோணல்.

ஆன்லைனில் பெயரே இல்லாத ஒரு பெட்டி, டஜன் கணக்கில் க்ராங்க்பெய்ட், ஒன்று ஒரு டாலர்கூட ஆகாது. என்னதான் இருக்கிறது பார்ப்போமே என்று தெரிந்தேதான் வரவழைத்தேன். பெயின்ட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தண்ணீரில் போட்டால் பாதிக்கு மேல் ஒரே பக்கமாகச் சாய்ந்து மேலே வந்துவிட்டன, சூத்திரம் தப்பாகப் போட்ட பட்டம் குத்துகிற மாதிரி. சிலவற்றில் மூக்கின் கீழ் நீட்டியிருக்கும் தகடான லிப்பின் நடுவில் ஓடும் அச்சுக் கோடும் உடம்பின் நடுக்கோடும் சேரவே இல்லை, அதற்கு எந்த வைத்தியமும் கிடையாது. நேராக ஓடியவற்றிலும் முள் ஈயம் போல விரிந்தது. நல்ல மூன்று கிளை ட்ரெபிள் முள் வாங்கி மாட்டினால் விலை பேண்டிட்டைத் தொடுகிறது. அப்புறம் என்ன சல்லிசு?

ஆனால் ஒன்று, பேர்பெற்ற பெய்ட்டும் உறையிலிருந்து எடுத்தவுடன் நேராக ஓடும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. எல்லாவற்றையும் நேராக ஓடும்படி ட்யூன் செய்யத்தான் வேண்டும். ஏழு டாலர் பெய்ட்டையும் பதினைந்து டாலர் பெய்ட்டையும் ஒரே தட்டில் நிறுத்துவது இந்த வேலைதான். இதற்கு வேண்டியது ஊசிமூக்கு இடுக்கி ஒன்றும் பொறுமையும்.

நான் செய்வது இப்படி. படகு ஓடிக்கொண்டிருக்கும்போது பெய்ட்டை ராட் நுனியிலிருந்து ஆறேழு அடி மட்டும் விட்டுப் பக்கவாட்டில் தண்ணீருக்குள் அழுத்திப் பிடிப்பேன். மணிக்கு 1.5 மைல் வேகத்தில் எல்லாமே ஒழுங்குப் பிள்ளைகள்தான். வேகத்தை மெல்ல ஏற்றி 2.5, கொஞ்சம் தாண்டி 3 மைலுக்குக் கொண்டுபோனால்தான் வண்டவாளம் தெரியும். நல்ல பெய்ட் துடிதுடித்துக்கொண்டே கீழே நேராக இறங்கி நிற்கும். கோணல் பெய்ட் ஒரு பக்கம் வயிற்றைக் காட்டும், அப்படியே வளைந்து மேலே வரும்.

உடனே நரம்பு மாட்டும் மூக்கு வளையத்தில் கை வைக்காதீர்கள். முதலில் முள். பின் முள்ளை மாட்டும் சின்ன வளையமான ஸ்ப்ளிட் ரிங் சிக்கிக் கொண்டு முள் ஒரு பக்கமாக விறைத்து நிற்கிறதா, போன முறை இழுத்த மீன் முள்ளை வளைத்துவிட்டதா, லிப்பில் பாசி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஸ்னாப், நரம்பையும் வளையத்தையும் இணைக்கும் சின்னக் கொக்கி. நரம்பை வளையத்தில் நேரடியாக இறுக்கிக் கட்டினால் முடிச்சு ஒரு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தும் இதே கூத்து நடக்கும். வட்ட மூக்கு ஸ்னாப் சின்னதாக ஒன்று மாட்டினால் அந்தச் சந்தேகம் தீரும். இதெல்லாம் சரியாக இருந்து, பின்னும் சாய்ந்தால்தான் வளையம்.

பெய்ட் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் வளையத்தை வளைக்க வேண்டும். சொல்வது சுலபம். தண்ணீரில் அதன் முதுகுப் பக்கமிருந்து பார்த்துவிட்டு, கையில் எடுத்ததும் மூக்கைத் தன் பக்கம் திருப்பிப் பிடித்து வளைப்பவர்கள் ஏராளம். இடமும் வலமும் மாறிப்போய், முன்பைவிட மோசமாக ஓடும். “இந்தப் பிராண்டே மட்டம்” என்ற பேச்சு பாதி இப்படிப் பிறப்பதுதான். அதனால் நான் இடம் வலம் என்று யோசிப்பதே இல்லை. தண்ணீரில் படகை நோக்கி வந்ததா, படகை விட்டு விலகியதா? விலகினால், ஓடின திசையிலேயே பெய்ட்டைத் தூக்கி, மூக்கு முன்னால் பார்க்க வைத்துக்கொண்டு, வளையத்தைப் படகுப் பக்கம் வளைப்பேன்.

எவ்வளவு வளைப்பது? கண்ணுக்குத் தெரிந்தால் அதிகம். இடுக்கியின் நுனியால் வளையத்தின் முனையை மட்டும் பிடித்து, ஒரு மயிரிழை அழுத்தம் கொடுத்து, திரும்பத் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்கோடு சேர்த்து வார்த்த கம்பி வளையமாக இருந்தால் ஒரு கையால் லிப்பின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அடியில் விரிசல் விழும். திருகி இறக்கிய வளையம் என்றால் வளைக்கத்தான் வேண்டும், திருகக் கூடாது. ஒரு பெய்ட்டுக்கு நாலைந்து தடவை தூக்கிப் போட்டு எடுப்பது சாதாரணம். கூட வருபவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். கோணல் பெய்ட் பிளேனர் போர்டில் போனால் பாதி ஆழம்கூட இறங்காது, பக்கத்து நரம்பின் மேல் ஏறிச் சிக்கும், அந்தச் சிக்கை எடுக்கும் நேரத்தில் ஒரு டஜனை ட்யூன் செய்துவிடலாம். சரியானதன் லிப்பில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துப் பெட்டியின் மேல் தட்டுக்கு அனுப்பிவிடுவேன். புள்ளி இல்லாதது ராடுக்குப் போகாது.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. ஜிபிஎஸ் காட்டுவது தரையை ஒட்டிய வேகம், தண்ணீருக்குள் பெய்ட் ஓடும் வேகம் இல்லை. ஈரியில் நீரோட்டம் உண்டு. போகும்போது 2.0 மைலில் அடித்த பெய்ட், திரும்பும்போது அதே 2.0 மைலில் ஊமையாகிவிடும். ராட் நுனி துடிப்பதைப் பாருங்கள், எண்ணை அல்ல.

நிறத்துக்கு வருவோம், பர்ஸைக் காலி செய்வது இதுதான். வால்ஐயின் கண்ணுக்குப் பச்சையும் ஆரஞ்சும்தான் நன்றாக எடுபடும் என்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். கலங்கிய தண்ணீரில் ஃபயர்டைகர் (பளீர் பச்சை, ஆரஞ்சு, கறுப்புக் கோடு) சோடை போனதில்லை. தெளிந்த தண்ணீரில் ஊதா கலந்த குரோம். தண்ணீரை வடிகட்டும் ஸீப்ரா சிப்பிகள் வெளியிலிருந்து வந்த பிறகு ஈரியில் தெளிந்த நாட்கள் கூடிவிட்டன. வெள்ளையில் வண்ணப் புள்ளி வைத்த வொண்டர்பிரெட் இங்கே ஒரு மதம், அதை நான் விமர்சிக்க மாட்டேன். இந்த மூன்றும் இருந்தால் நாலாவது நிறம் மீனுக்கு இல்லை, நமக்கு.

இழப்பையும் கணக்கில் வையுங்கள். மேற்குப் பக்கம் ஏரியின் சராசரி ஆழமே 24 அடி சொச்சம்தான், நடுவே பாறைத் திட்டுகள், அதில் ஸீப்ரா சிப்பி அப்பிக் கிடக்கும். அதன் விளிம்பில் உரசினால் நரம்பு நூலாகிவிடும். பெய்ட் போகத்தான் செய்யும். ஏழு டாலர் போனால் ஒரு பெருமூச்சு. பதினைந்து போனால் அன்றைய பொழுதே போச்சு. முக்கியமாக, விலை கூடிய பெய்ட்டை அடிக்கு அருகில் விடவே மனம் வராது. அடியில் கிடக்கிற மீனுக்கு மேலேயே ஓட்டிக்கொண்டிருப்போம்.

வாங்கும் இடம்: சீசன் முடிந்து பனி விழும் நேரத்தில் பெரிய கடைகள் விலையைக் குறைக்கும், அப்போது ஃப்ளிக்கர் ஷேடை அள்ளலாம். அதைவிட எனக்குப் பிடித்தது கரையோர ஊர்களில் கராஜ் சேல். பழைய காட்டன் கார்டல் வாலி டைவர் ஒரு கைநிறைய, பல் தடத்தோடு, ஐந்து டாலருக்குக் கிடைத்தது. பெயின்ட் உரிந்திருந்தால் இன்னும் நல்லது. யாரோ பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். துருப்பிடித்த முள்ளை மட்டும் மாற்றினால் போதும். மாற்றும்போது அதே அளவு, அதே எடை, இல்லாவிட்டால் துடிப்பே மாறிவிடும். தண்ணீரில் அசையாமல் நிற்க வேண்டிய ஹஸ்கி ஜெர்க்குக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

ஹஸ்கி ஜெர்க் என்றதும் நவம்பர் ஞாபகம். இருட்டின பிறகு கரையோரமாகவே பெரிய பெண் மீன்கள் வரும். அலைதடுப்புச் சுவரை ஒட்டி 1.2 மைலில் ஊர்ந்து போக ஆசை. அதற்கு ஒரு நல்ல தலைவிளக்கும், இரவில் தெரியும் போர்டு விளக்குகளும் வாங்க வேண்டும். அதற்கு முன்னால் ஸ்னாப் வெயிட், அதாவது நரம்பில் கவ்வி மாட்டும் எடை, பழக வேண்டும். 50 அடி விட்டு, எடையைக் கவ்வவிட்டு, இன்னொரு 50 அடி. ஆழமான கிழக்குப் பக்கம் போனால் ஃப்ளிக்கர் ஷேடை அப்படித்தான் கீழே அனுப்ப முடியும். இரண்டு அவுன்ஸ் எடை வாங்கி மேசையில் கிடக்கிறது, பொட்டலம்கூடப் பிரிக்கவில்லை.

அதெல்லாம் பிறகு. புதிதாக வந்த பேண்டிட்டில் ஊதா ஒன்று இன்னும் 2.3 மைலில் வயிற்றைக் காட்டுகிறது. முள் சரி, ஸ்னாப் சரி, வளையத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாகிவிட்டது. பின் முள் மாட்டும் கொக்கியே ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி இருக்கிற மாதிரி படுகிறது. வருகிற சனிக்கிழமை காற்று 10 மைலுக்குள் இருந்தால் அந்தக் கொக்கியை நிமிர்த்திப் பார்ப்பேன். அப்படியும் படியாவிட்டால் 1.5 மைலுக்கென்று தனியாக வைத்து வசந்தத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம், தூக்கி எறிய மனசு வராது.