பி.டி. சாரின் கைக்கடிகாரம்

2025 மே 22, காலை எட்டு மணி வாக்கில். நியூயார்க்கில் அது முந்தின நாள் ராத்திரி. நிக்ஸும் இண்டியானா பேஸர்ஸும் ஆடிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் கிழக்குப் பிரிவு இறுதித் தொடரின் முதல் ஆட்டம். 2 நிமிடம் 51 விநாடி பாக்கி, நிக்ஸுக்கு 14 புள்ளி முன்னிலை. சரி, கதை முடிந்தது என்று போனை மகனிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். மஞ்சக்குப்பத்தில் கடை திறக்க வேண்டும்.

குளித்து, இட்லி சாப்பிட்டு, சட்டை மாட்டியாகிவிட்டது. அந்த 2 நிமிடம் 51 விநாடி மட்டும் முடிந்தபாடில்லை.

"அப்பா, இங்க வாப்பா! நெஸ்மித் போட்டுக்கிட்டே இருக்கான்!"

நெஸ்மித் பேஸர்ஸ் ஆட்டக்காரர். ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் அவருக்கு 6 த்ரீ பாயிண்டர், அதாவது தூரத்துக் கோட்டுக்கு வெளியிலிருந்து போட்டு 3 புள்ளி வாங்கும் பந்து. கடைசியில் நிக்ஸ் ஒரு ஃப்ரீ த்ரோவை, ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லாத எறியை, தவறவிட்டது. பேஸர்ஸின் ஹாலிபர்ட்டன் எறிந்த பந்து வளையத்தில் பட்டு, பலகைக்கு மேலே எழும்பி, சாவகாசமாக உள்ளே இறங்கியது. ஜெயித்துவிட்டோம் என்று மனிதர் தன் கழுத்தை நெரிப்பதுபோல் சைகை காட்டிக் குதித்தார். கால் நுனி அந்த 3 புள்ளிக் கோட்டை மிதித்திருந்ததால் கிடைத்தது 2 புள்ளிதான். 125-125. அப்புறம் ஓவர்டைமில், அதாவது சமநிலைக்குப் பிறகு ஆடும் கூடுதல் நேரத்தில், 138-135, பேஸர்ஸ் வெற்றி.

இதையெல்லாம் மன உறுதி என்பார்கள். எனக்குக் கடிகாரம்தான் தெரிகிறது. விசில் அடித்தால் நிற்கும். கடைசி 2 நிமிடத்தில் கூடை விழுந்தாலே நிற்கும். பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து அதை நிறுத்தும். 2004 டிசம்பர் 9 அன்று ஹூஸ்டன் ராக்கெட்ஸின் ட்ரேசி மெக்ரேடி கடைசி 35 விநாடிக்குள் 13 புள்ளி எடுத்து சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியை 81-80 என்று கவிழ்த்ததும், விநாடிகள் அப்படி நின்று நின்று போனதால்தான்.

நான் பத்தாவது படித்தபோது ஆடியது சிமென்ட் தரையில். அங்கே கடிகாரம் என்றால் பி.டி. சாரின் கைக்கடிகாரம். ஒரு ஆட்டத்தில் 11 புள்ளி பின்தங்கி, 3 வரை இழுத்து வந்துவிட்டோம். அந்த நேரம் பார்த்துப் பந்து வேலி தாண்டிச் சாக்கடையில் விழுந்தது. ஒருவன் இறங்கி எடுத்து, குழாயில் கழுவிக்கொண்டு வருவதற்குள் சார் விசில் அடித்துவிட்டார். "டைம் முடிஞ்சுதுடா."

மகனிடம் சொன்னேன்.

"வாட்சை நிறுத்தச் சொல்லியிருக்கலாமே?"

"எப்படிடா? அஞ்சரை பண்ருட்டி பஸ்ஸுக்கும் அவர் அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தார்."