சிசாட் பத்திகள்: விடை நழுவும் இடம்

யுபிஎஸ்சி (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் குடிமைப் பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாள்தான் சிசாட். அதில் 80 கேள்விகள், 200 மதிப்பெண், 2 மணி நேரம். 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் போதும். 27 சரியான விடைக்கு 67.5 வரும். ஆனால் தவறு ஒவ்வொன்றுக்கும் 0.83 போவதால், இரண்டே தவறில் 65.83க்கு இறங்கித் தோற்றுவிடலாம். கணக்குக்குப் பயந்தவர்கள் காம்ப்ரிஹென்ஷனை, அதாவது பத்தியைப் படித்து விடை சொல்லும் கேள்விகளை, நம்பிப் போகிறார்கள். சரிவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருவதால், பழியை மொழியின் மேல் போடுவது எளிது. கீழே உள்ள பத்தியைத் தமிழிலேயே தருகிறேன். மொழித் தடங்கல் இல்லாதபோதும் எங்கே வழுக்குகிறது என்று பாருங்கள்.

“ஒரு மாவட்டத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு மாறிய விவசாயிகளுக்கு ஏக்கருக்கான தண்ணீர்ச் செலவு குறைந்தது. ஆனால் மிச்சமான தண்ணீரை வைத்துப் பலர் கூடுதல் நிலத்தில் கரும்பு போட்டார்கள். ஆகவே சொட்டுநீர் மானியம் மட்டுமே நிலத்தடி நீரைக் காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது.”

இதிலிருந்து பெறக்கூடிய முடிவு எது?

அ) சொட்டுநீர்ப் பாசனம் நிலத்தடி நீரைக் குறைக்கிறது.
ஆ) கரும்புச் சாகுபடிக்குக் கட்டுப்பாடு வேண்டும்.
இ) ஏக்கருக்கான செலவு குறைந்தாலே மொத்தத்தில் எடுக்கும் தண்ணீரும் குறைந்துவிடும் என்பதில்லை.
ஈ) மானியம் வாங்கியவர்கள் எல்லாரும் சாகுபடிப் பரப்பைக் கூட்டினார்கள்.

ஈ-யில் ‘பலர்’ என்பது ‘எல்லாரும்’ ஆகிவிட்டது. அ-வில் ‘காப்பாற்றாமல் போகலாம்’ என்பது ‘குறைக்கிறது’ என்று வீங்கிவிட்டது. ஆ-தான் நன்றாகப் படித்தவர்களையும் கவிழ்ப்பது. கரும்புக்கு எவ்வளவு தண்ணீர் தேவை என்பது நமக்குத் தெரியும், அந்தக் கருத்தும் நியாயமானது. ஆனால் பத்தி எந்தப் பரிந்துரையும் செய்யவில்லை. பொது அறிவுத் தாளுக்குப் படித்ததெல்லாம் இந்த இடத்தில் நமக்கு எதிராகவே வேலை செய்யும். விடை இ.

‘எல்லாம்’, ‘மட்டும்’ என்ற சொல் இருந்தால் அந்த விடையை அடித்துவிடு என்று ஒரு சூத்திரம் பயிற்சி வகுப்புகளில் உலவுகிறது. அதை நம்பாதீர்கள். பத்தியே ‘மட்டும்’ என்று பேசினால் விடையிலும் அது வரும். பார்க்க வேண்டியது சொல் இருக்கிறதா என்பதை அல்ல, பத்தியில் உள்ள அளவும் விடையில் உள்ள அளவும் ஒன்றுதானா என்பதை.

அடுத்தது அசம்ப்ஷன் கேள்வி. ஆசிரியர் சொல்லாமல் விட்டது, ஆனால் அது இல்லாவிட்டால் வாதம் நிற்காது, அதுவே அனுமானம். சோதிக்க நல்ல வழி, விடையை எதிர்மறையாக்கிப் பார்ப்பது.

அதே பத்திக்கு “கரும்பில் லாபம் அதிகம்” என்று ஒரு விடை. லாபம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். வேறு காரணத்துக்காகப் போட்டிருந்தாலும் தண்ணீர் செலவானது செலவானதுதான், வாதம் அசையவில்லை. எனவே இது அனுமானம் இல்லை. இன்னொரு விடை: “அந்தக் கூடுதல் நிலத்தில் ஏற்கெனவே இதே அளவு தண்ணீர் குடிக்கும் பயிர் இல்லை.” இதைத் திருப்பிப் போடுங்கள். அங்கே முன்பு கிணற்றுப் பாசனத்தில் நெல் இருந்தது, அதை எடுத்துவிட்டுத்தான் கரும்பு வந்தது என்றால், மொத்தத்தில் தண்ணீர் மிச்சமாகத்தான் ஆகியிருக்கும், வாதம் சரிந்துவிடும். அப்படியானால் இதுதான் அனுமானம்.

கண்ணில் படாமல் போகும் இன்னொரு பிழை, காரணத்தைத் தலைகீழாகப் படிப்பது. புகை இருந்தால் நெருப்பு உண்டு. நெருப்பு இருந்தால் புகை இருந்தாக வேண்டும் என்பதில்லை, பழுக்கக் காய்ச்சிய இரும்பில் புகை ஏது? ‘அ இருந்தால் ஆ’ என்ற பத்திக்கு ‘ஆ இருந்தால் அ’ என்று ஒரு விடை தயாராகக் காத்திருக்கும்.

பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்களே போதும், ஆணையத்தின் இணையதளத்தில் இறுதி விடைக்குறிப்போடு கிடைக்கின்றன. தனியார் மாதிரித் தேர்வுகளில் தவறான விடைகள் பல நேரம் வெளிப்படையான பொய்களாக இருக்கும். உண்மையான தாளில் அவை பாதி உண்மைகள். நாளுக்கு மூன்று பத்தி எடுங்கள், முதலில் கடிகாரம் வேண்டாம். விடைகளைப் பார்க்கும் முன் ஆசிரியரின் முடிவை ஒரு வரியில் எழுதுங்கள். ‘ஆகவே’, ‘ஆனால்’ வரும் இடங்களில் அது பெரும்பாலும் சிக்கும். பிறகு, நீக்கிய மூன்று விடைக்கும் பக்கத்தில் ஒரே சொல்லில் காரணம்: மிகை, வெளியிலிருந்து, பரிந்துரை, தலைகீழ். காரணம் எழுத வரவில்லை என்றால் நீங்கள் ஊகித்திருக்கிறீர்கள், விடை சரியாக இருந்தாலும் தவறு நோட்டில் ஏற்றுங்கள். சில வாரத்தில் அதே சொல் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பலருக்கு அது ‘வெளியிலிருந்து’.

ஆணையத்தின் விடையே ஒப்புக்கொள்ள முடியாததாகப் படும் கேள்விகளும் உண்டு. கால் மணி நேரம் யோசித்தும் பிடிபடவில்லை என்றால் ஒதுக்கிவிடுங்கள். இரண்டு விடைகள் பொருந்தி வந்தால், பத்தியின் ஒரு வரியை மட்டும் தொடுவதை விட்டு, முடிவைத் தாங்குவதை எடுங்கள்.

கடிகாரம் அதற்குப் பிறகுதான். 120 நிமிடத்தை 80ஆல் வகுத்தால் கேள்விக்கு ஒன்றரை நிமிடம். ஒரே கேள்வி உள்ள நீளமான தத்துவப் பத்தி அந்தக் கணக்கில் அடங்காது. அதைக் கடைசிச் சுற்றுக்குத் தள்ளிவிட்டு, இரண்டு மூன்று கேள்விகள் தொங்கும் பத்தியில் தொடங்குங்கள்.